குட்டையைத் தூர்வாரும் முன்: கொங்குப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

பத்து நாள் ஜேசிபி ஓடுகிறது, டிப்பர் டிப்பராக மண் வெளியே போகிறது, குட்டையும் முன்பைவிட ஆழமாகத் தெரிகிறது. ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தால் முழங்கால் அளவுத் தண்ணீர். தை பிறப்பதற்குள் அதுவும் இல்லை. காங்கயம், தாராபுரம், பல்லடம், அவிநாசி சுற்றுவட்டாரத்தில் இது புதிய கதை அல்ல. தோண்டியது குறைவு என்று நினைத்து அடுத்த ஆண்டு இன்னும் தோண்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் ஆழத்தில் இருப்பதில்லை, தண்ணீர் வரத்தில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் 4,047 லிட்டர். குட்டைக்கு 100 ஏக்கர் நீர்ப்பிடிப்பு இருக்கிறது, ஒரே மழையில் 50 மி.மீ. பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். விழுவது 2 கோடி லிட்டர். மேய்ச்சல் புல் நிற்கும் கொறங்காட்டுச் செம்மண் பெரும்பகுதியைக் குடித்துவிடும். நூற்றுக்குப் பத்து ஓடி வந்தாலே 20 லட்சம் லிட்டர்தான் சேரும். ஒரு ஏக்கர் குட்டையில் அது அரை மீட்டர் உயரம். அதே குட்டையை 3 மீட்டர் ஆழமாக்கினால் நிரம்ப 1 கோடியே 20 லட்சம் லிட்டர் வேண்டும், அதாவது அப்படிப்பட்ட மழை ஆறு முறை. பாலக்காட்டுக் கணவாய் ஆடியில் காற்றைத்தான் அனுப்புகிறது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். ஒரு பருவத்தில் அப்படி ஆறு மழை கிடைப்பது அரிது.

அதனால் முழுப் பரப்பையும் ஆழமாக்க வேண்டாம். கரையிலிருந்து தள்ளி ஒரு பக்கத்தில் மட்டும், மொத்தப் பரப்பில் கால் பங்குக்குள், ஆழமான பள்ளம் ஒன்று போதும். தண்ணீர் வற்றும்போது அங்கே ஒதுங்கும். வெயிலுக்குக் காட்டும் பரப்பு குறைவதால் ஆவியாவதும் குறையும், ஆடுமாடுகளுக்குச் சில வாரமாவது கூடுதலாகத் தண்ணீர் நிற்கும்.

அடுத்த தவறு, அடிமண்ணைப் பார்க்காமல் பக்கெட்டை இறக்குவது. எல்லாக் குட்டையும் ஒரே வேலைக்கு வெட்டியதல்ல. கால்நடை குடிக்கத் தண்ணீர் நிற்க வேண்டிய குட்டை ஒன்று, கீழே இருக்கும் கிணறுகளுக்கு ஊற வேண்டிய கசிவுநீர்க் குட்டை இன்னொன்று. முதல் வகையில் பல ஆண்டுகளாகப் படிந்து இறுகிய களி அடியில் இருக்கும். அதுதான் பாத்திரத்தின் அடி. அதைக் கிழித்து ஓடைக்கல்லும் சரளையும் தெரியும்வரை போய்விட்டால் தண்ணீர் நிற்காது. இரண்டாவது வகையில் நேர் எதிர்: மேலே படிந்த மெல்லிய வண்டலைச் சுரண்டி எடுக்காவிட்டால் தண்ணீர் இறங்காமல் கிடந்து வெயிலுக்குத்தான் போகும். வேலை தொடங்கும் முன் நான்கு இடத்தில் 3 அடிக் குழி எடுத்துப் பாருங்கள். ஈர மண்ணைக் கையில் உருட்டி மெல்லிய திரியாகத் திரிக்கும்போது உடையாமல் நீண்டால் களி. தண்ணீர் நிற்க வேண்டிய குட்டையில் அந்த மட்டத்துக்கு அரை அடி மேலேயே நிறுத்திவிட வேண்டும்.

வரத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில் மழைநீர் இட்டேரி வழியாகத்தான் நடந்து வந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித் தடம். மழை வந்தால் அதுவே வாய்க்கால். இப்போது இட்டேரி தார் ரோடாகி இரண்டடி உயர்ந்துவிட்டது. தண்ணீர் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது, அல்லது வேறு பள்ளத்துக்குத் திரும்பிவிடுகிறது. ரோட்டுக்கு அடியில் குழாய்ப் பாலம் இல்லையென்றால் குட்டையில் எவ்வளவு செலவழித்தாலும் வீண். புல வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு, பெருமழை பெய்யும் நாளில் குடையோடு நடந்து பார்ப்பதுதான் சரியான சர்வே. தண்ணீர் எங்கே முறிகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

வாய்க்காலைச் சுத்தம் செய்கிறோம் என்று நேராக்கிவிடுவதும் உண்டு. பவானியில் தொடங்கும் 13ஆம் நூற்றாண்டின் காளிங்கராயன் வாய்க்கால் நொய்யல் ஆற்றைத் தொடுவதற்குள் ஏறத்தாழ 90 கி.மீ. வளைந்து வளைந்து போகிறது. வெட்டியவர்களுக்கு நேர்கோடு தெரியாமல் இல்லை. சமமட்டத்தை ஒட்டிப் போனால்தான் தண்ணீர் அரிக்காமல் நடக்கும். வளைவை நிமிர்த்தினால் சரிவு கூடும், வேகம் கூடும், வாய்க்காலின் மண்ணெல்லாம் குட்டைக்குள் வந்து விழும். வளைவை விட்டுவிட்டு, குட்டையின் வாயில் 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி எடுங்கள். ஆண்டுக்கொரு முறை அதை மட்டும் அள்ளினால் போதும்.

அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024இல் தொடங்கிய பின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் பவானித் தண்ணீர் வர வழி பிறந்திருக்கிறது. நல்லது. ஆனால் குழாய் வந்துவிட்டதே என்று மழை வரத்தை அடைத்து வீடு கட்டுவதுதான் பெரிய ஆபத்து. குழாயில் வருவது உபரிநீர், ஆற்றில் உபரி இல்லாத ஆண்டில் அது வராது.

கரையில் நடக்கும் தவறுகள் உடைப்பில் முடிபவை. எடுத்த மண்ணை அப்படியே கரைமேல் கொட்டிவிட்டுப் போவது அதில் முதலாவது. மண்ணை அரை அடி கனமாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கு போட வேண்டும். வெறும் கரிசலில் கரை போட்டால் சித்திரையில் கை நுழையும் வெடிப்பு விடும், முதல் மழைத் தண்ணீர் அந்த வழியாகவே வெளியேறும். நடுவில் களி, இரண்டு பக்கமும் சரளை கலந்த செம்மண் என்பதே தாங்கும் அமைப்பு. கரையின் உள்ளடியிலிருந்து குறைந்தது 15 அடி விட்டுத்தான் மண் எடுக்க வேண்டும். ஒட்டித் தோண்டினால் கரை உள்ளே சரியும். சீமைக்கருவேலத்தை வெட்டி அடிக்கட்டையைக் கரையிலேயே விடுவதும் தவறு. வேர் மக்கினால் அந்தத் துளை ஒரு குழாய். வேரோடு எடுத்து, குழியைக் களியால் இடித்து நிரப்புங்கள்.

குட்டை நிரம்பினால் உபரி வழியும் கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கிக் கூடுதலாக ஓரடித் தண்ணீர் தேக்குவது பல ஊரில் பழக்கம். கரையின் உச்சி கலிங்கு மட்டத்துக்கு மேல் 3 அடியாவது இருக்க வேண்டும். மூட்டை அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. மேல்காட்டுக்காரரோடு சண்டை தனி.

கரையின் உட்சரிவில் உள்ள பழைய கல் பதிப்பைச் சிமெண்ட் பூசி அழகாக்க வேண்டாம். குட்டை வற்றும்போது கரைக்குள் ஊறிய தண்ணீர் கல் இடுக்கு வழியாகத்தான் வெளியே வரும். இடுக்கை அடைத்தால் பின்னால் அழுத்தம் ஏறிக் கல் பிதுங்கும். பூசியே ஆக வேண்டுமென்றால் 5 அடிக்கொரு கசிவுத் துளை விடுங்கள்.

கிணற்றுக்கு மழைநீர் விடுபவர்கள் செய்யும் தவறும் இதே சாதிதான். நம் கிணறுகளில் தண்ணீர் வருவது பாறை வெடிப்பில் இருக்கும் ஊற்றுக்கண் வழியாக. கலங்கல் தண்ணீரை நேரே விட்டால் சேறு அந்தக் கண்ணை அடைத்துவிடும். கிணற்றிலிருந்து 8 அடி தள்ளி, 6 அடிக்கு 6 அடி, 6 அடி ஆழத்தில் வடிகட்டிக் குழி எடுத்து, கீழே பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் போடுங்கள். அடியிலிருந்து கிணற்றுக்குப் போகும் குழாய், சுவரைத் தாண்டி உள்ளே 2 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவரோடு நின்றால் தண்ணீர் சுவரில் வழிந்து, மேல்கட்டின் மண்ணைக் கரைத்து, ஒரு நாள் சுவரையே உள்ளே இறக்கிவிடும். மேல் மணலை ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் அரை அடி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது அவசியம்.

சாயப்பட்டறை, பிராய்லர் பண்ணை, ஊர்ச் சாக்கடை கலக்கும் வாய்க்கால் என்றால் கிணற்றுக்கு அந்தத் தண்ணீரே வேண்டாம். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு சேர்ந்து விவசாயத்துக்கு ஆகாமல் போனதை இந்தப் பக்கம் எல்லோரும் அறிவர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 2,000க்கு மேல் காட்டும் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். ஆனால் மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

வேலையை மாசியில் தொடங்கி ஆடிக்குள் முடிப்பது நல்லது. வண்டல் அள்ள வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கவே சில வாரம் ஆகும் என்பதால் மனுவைத் தை மாதமே கொடுத்துவிடுங்கள். புரட்டாசியில் கரையைக் கிளறினால், புது மண் இறுகும் முன்பே ஐப்பசி மழை அதன்மேல் நிற்கும்.