பயணக் குறிப்பேட்டின் வலப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும்

பயணத்தை எழுத்தாக்க விரும்புபவர்கள், சட்டைப்பையில் அடங்கும் சிறு குறிப்பேடு ஒன்றை உடன் வைத்துக்கொண்டு, அதன் இடப்பக்கத்தில் மட்டும் எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவைப்பது நல்லது. இடப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும் மட்டுமே இடம்பெற வேண்டும். பேருந்தில் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி, பயணச்சீட்டை நான்காக மடித்து மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவே செருகிக்கொண்டது போன்ற விவரங்கள், அன்றைக்கே எழுதப்படாவிட்டால் நினைவிலிருந்து நழுவிவிடும். 'அழகான ஊர்', 'அன்பான மக்கள்' என்ற தீர்ப்புகளுக்கு அங்கே இடமில்லை. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்ல்ஸ் டார்வினும் களத்தில் சுருக்கமாகக் குறித்துக்கொண்டு, விரிவான நாட்குறிப்பைப் பின்னர்தான் எழுதினார்.

வலப்பக்கத்தை ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து நிரப்பலாம். அந்த இடத்தைப் பற்றிய கதைகளையும் கட்டுரைகளையும் அப்போது வாசிப்பதையே நான் பரிந்துரைப்பேன். முன்பே வாசித்துவிட்டால் பிறர் கண்ணால் பார்க்கும் பழக்கம் நம்மை அறியாமல் தொற்றிக்கொள்கிறது.

இன்னொன்றையும் தவறாமல் குறித்துவையுங்கள். 'நீங்கள் யார்?' என்று முன்பின் அறியாதவர்கள் கேட்கும்போது, ஒருவரிடம் தொழிலையும், மற்றொருவரிடம் மொழியையும், வேறொருவரிடம் பிள்ளைகளையும் சொல்லி நம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறோம். சொன்ன சொற்களை அப்படியே எழுதி, சொல்லத் தயங்கியது எது என்பதையும் எதிர்ப்பக்கத்தில் குறித்தால், தன்னைப் பற்றிய கட்டுரையின் முதல் பத்தி பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.