கஞ்சா வழக்கின் கேஸ் கட்டு: போலீஸ் சோதனை முறைப்படி நடந்ததா என்று பார்ப்பது எப்படி?

கேஸ் கட்டு கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது எடையை. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஜாமீனுக்கு அது முக்கியம்தான். ஆனால் 1985-ஆம் ஆண்டின் என்டிபிஎஸ் சட்டத்தில் (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்), பொருள் உங்கள் கட்சிக்காரர் வசம் இருந்ததாக நிரூபித்துவிட்டால், குற்றம் செய்யவில்லை என்று காட்டும் சுமை அவர் தலையில் விழுகிறது. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு சிறை. இவ்வளவு கடுமையான சட்டத்தில் சோதனை விதிகளைச் சில்லறை விஷயமாக நினைக்கவே கூடாது.

படி 1: நேரங்களை எழுதுங்கள்

தகவல் வந்தது, ஸ்டேஷனிலிருந்து கிளம்பியது, சோதனை, கைது, எப்.ஐ.ஆர்., ரிமாண்ட். எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். எப்.ஐ.ஆருக்கு முன்பே சம்பவ இடத்தில் எழுதியதாகச் சொல்லும் மகஜரில் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்), எப்.ஐ.ஆர். போட்ட பிறகே கிடைக்கும் குற்ற எண் இருக்கிறதா? இருந்தால் குறுக்கு விசாரணைக்கு முதல் கேள்வி கிடைத்துவிட்டது.

படி 2: எந்த இடத்தில் சோதனை?

வீடு, கடை, தனியார் வாகனம் என்றால் பிரிவு 42. கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வாரண்ட் இல்லாமல் இரவில் நுழைந்தால், அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். அவசரத்தில் தாமதமானதை விளக்கலாம், அடியோடு செய்யாமல் விட்டதை ஏற்க முடியாது என்று கர்னைல் சிங் வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் சொன்னது. பஸ் ஸ்டாண்டு போன்ற பொது இடம் என்றால் பிரிவு 43. அங்கே இந்த நிபந்தனைகள் இல்லை.

படி 3: பிரிவு 50

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி (அரசிதழ் பதிவு பெற்றவர்) அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய சொன்னோம் என்பது போதாது என்று விஜய்சிங் ஜடேஜா வழக்கில் (2010) ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸா? அந்த இருவரையும் விட்டு, சோதிக்க வந்த போலீஸிடமே "நீங்களே சோதியுங்கள்" என்று சொல்லும் மூன்றாவது வழியையும் போலீஸே கொடுத்திருக்கிறதா? இரண்டுமே தவறு என்கிறது பரமானந்த் தீர்ப்பு (2014). பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பொருள் கைப்பையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் பிரிவு 50 உதவாது. பை உடலின் பகுதி ஆகாது என்று 2005-லும் 2023-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூனியர் வக்கீல்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

படி 4: பொருள் எங்கே போனது?

பிரிவு 52ஏ-படி பட்டியலை மாஜிஸ்திரேட் சான்றளிக்க வேண்டும். மாதிரியும் அவர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். இதில் குறை இருப்பதாலேயே விடுதலை கிடைக்காது. முத்திரை, எடை, ஆய்வக அறிக்கை ஆகியவற்றில் உள்ள முரண்களோடு சேர்த்து வாதாடுங்கள்.

படி 5: வாக்குமூலமும் வீடியோவும்

அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கின் (2020) தீர்ப்பு இது. அப்புறம், 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய சோதனையா? பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 105 வீடியோ பதிவு கேட்கிறது. அதன் நகலுக்கு முதல் வாய்தாவிலேயே மனுப் போடுங்கள்.