உறுமும் காற்றாடியைத் தூக்கிப் போடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்பூட் மாதிரி தோட்டத்து ஊர்களில் ஸ்டாண்டு காற்றாடிக்கு ஓய்வே கிடையாது. சில வருடம் ஓடியதும் சுவிட்சைத் தட்டினால் உறுமும், இறக்கை சுற்றாது. உடனே குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்பதில்லை. பெரும்பாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இறக்கை மாட்டியிருக்கும் தண்டில் எண்ணெய் வற்றியிருக்கும், இல்லையென்றால் மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும், சில வெள்ளிக்குக் கிடைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கும்.

1. பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

2. இறக்கையை விரலால் சுண்டுங்கள். இறுக்கமாக நின்றால் தண்டுதான் கோளாறு. வழுக்கிக்கொண்டு சுற்றினால், ஆனால் கரண்டில் உறுமிக்கொண்டு மட்டும் நின்றால், கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். சத்தமே வராவிட்டால் முதலில் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூசைப் பாருங்கள்.

3. முன் வலையைக் கழற்றுங்கள். இறக்கையைப் பிடித்திருக்கும் மூடிக்குப் பெரும்பாலும் தலைகீழ் மரை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் முறுக்கி உடைப்பவர்கள் நிறைய. பின் வலையின் வளையத்துக்கு வழக்கமான மரைதான்.

4. தண்டில் முடியும் தூசியும் கயிறு மாதிரி சுற்றியிருக்கும். சின்னக் கத்தியால் அறுத்து, துணியால் துடையுங்கள். தண்டு மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். பின் மூடியைக் கழற்றி, அந்தப் பக்கமும் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும்.

5. எண்ணெய்க்கும் மசியவில்லையா? மோட்டாரின் பின்னால், இரண்டு வயரோடு இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டிதான் கெப்பாசிட்டர். அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். வயர் முனையில் கை வைக்குமுன், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூடிரைவரால் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டுவிடுங்கள். பழையதையே மின்சாதனக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மேலே 1.5 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்பதுபோல் போட்டிருக்கும். மைக்ரோஃபாரட் அச்சு அசலாக அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ட் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. இரண்டு வயரில் எதை எதோடு சேர்த்தாலும் சரிதான். இணைப்பு மேல் வயர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள்.

6. எல்லாவற்றையும் மாட்டி, கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் பிளக்கைச் செருகுங்கள். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருங்கள். கருகிய வாடை வந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது, உடனே நிறுத்திக் கடைக்காரரிடம் கொடுங்கள்.