பசியாறும் மேசையருகே ஒரு ரயில் பலகை

மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் கம்யூட்டர் ரயிலை நம்பி வேலைக்குச் செல்வோர், ஈஎஸ்பி32 என்ற வைஃபை வசதியுள்ள சிறு கணினிச் சில்லையும் மின்தாள் (e-paper) திரையையும் இணைத்துப் பசியாறும் மேசையருகே ஒரு தகவல் பலகை வைத்துக்கொள்ளலாம். அரசின் திறந்த தரவுத் தளம், கேடிஎம்பி என்ற தேசிய ரயில் நிறுவனத்தின் ரயில்கள் எங்கே இருக்கின்றன என்பதை 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்து இலவசமாகத் தருகிறது. ஆனால் அதில் இருப்பது ரயிலின் இருப்பிடம் மட்டுமே என்பதால், ‘இன்னும் எத்தனை நிமிடம்’ என்பதை, அதே தளத்திலுள்ள கால அட்டவணையோடு ஒப்பிட்டு நாம்தான் கணக்கிட வேண்டும். திரையை 3 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மாறும்போது அது கறுத்து வெளுத்து மினுங்கும், பழுதன்று. இந்தச் சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும்; அது வைஃபையைப் பிடிக்காவிட்டால், ரவுட்டரில் அந்த அலைவரிசை திறந்திருக்கிறதா என முதலில் பாருங்கள். இது தெரியாமல் நான் ஒரு ஞாயிறு முழுவதும் என் சாலிடரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.