பழைய சின்ன கார் வாங்கும்போது எஞ்சின் விஷயத்தில் செய்யும் தவறுகள்

செகண்ட் ஹேண்டில் ஸ்விஃப்டோ ஐ10-ஓ தேடுகிறவர்கள் பெயிண்டைத் தடவிப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், சீட் கவர் புதுசா என்றுகூடப் பார்ப்பார்கள். எஞ்சின் என்று வந்தால் மட்டும் இரண்டே கேள்வி: பெட்ரோலா டீசலா, எவ்வளவு மைலேஜ் கொடுக்கும். அதற்கு மேல் புரோக்கர் சொல்வதுதான் வேதவாக்கு. டயரையும் சீட் கவரையும் சில ஆயிரங்களில் சரி செய்துவிடலாம். எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தால், மூன்று லட்ச ரூபாய் வண்டியின் கணக்கே தலைகீழாகிவிடும்.

என் கட்சி இதுதான்: எல்லோருக்கும் நல்ல எஞ்சின் என்று ஒன்று கிடையாது. உங்கள் மாத ஓட்டத்துக்கும் உங்கள் ஊர் மெக்கானிக்கின் கைக்கும் பொருந்துகிற எஞ்சின் என்றுதான் உண்டு. நண்பர் புகழ்ந்தார், மச்சான் வைத்திருக்கிறார் என்று வாங்கப் போவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

மைலேஜை மட்டும் பார்த்து டீசல் எடுப்பது

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் பெட்ரோல் வண்டி 15 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் கொடுக்கிறது. மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குப் பெட்ரோலில் 4,000 ரூபாய், டீசலில் 2,760 ரூபாய். மிச்சம் 1,240 ரூபாய், வருடத்துக்குப் பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய டீசலில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒரு டர்போவும் இருக்கின்றன. கிளட்சும் பெட்ரோல் வண்டியைவிட விலை கூடியது. இவற்றில் ஒன்று கையைக் கடித்தாலும் இரண்டு வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும்.

அதே கணக்கை மாதம் 1,500 கிலோமீட்டருக்குப் போடுங்கள். பெட்ரோல் 10,000 ரூபாய், டீசல் 6,900 ரூபாய். மாதம் 3,100 மிச்சம் என்றால் டீசலின் செலவுகளைத் தாங்கலாம். தினமும் செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குப் போய் வருகிறவருக்கு டீசல் சரி. வாரத்தில் நான்கு நாள் நிழலில் நின்றுவிட்டு, மீதி நாள் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகிற வண்டிக்கு எதற்கு டீசல்?

2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சைலன்சர் வழியில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரி எரிந்து போக வேண்டுமானால் வண்டி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தி.நகர் சிக்னல்களிலேயே வாழ்கிற வண்டியில் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரிய ஆரம்பிக்கும். டீசல் ஆல்ட்ரோஸோ, நியோஸோ, புது ஐ20-யோ பார்க்கிறவர்கள் முந்தைய உரிமையாளர் எங்கே ஓட்டினார் என்று கட்டாயம் கேட்க வேண்டும். மாருதி அதே 2020-இல் டீசலையே விட்டுவிட்டது. சந்தையில் நிற்கும் ஸ்விஃப்ட் டீசல் எல்லாமே அதற்கு முந்தியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயரை நம்பி வாங்குவது

"ஸ்விஃப்ட் டீசல் எஞ்சின் சாகாது சார்." இந்த வசனத்தைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் கார் வாங்கியிருக்க முடியாது. அந்த 1,248 சிசி எஞ்சின் ஃபியட் உருவாக்கியது. மாருதி ரிட்ஸ், டிசைர், ஃபியட் புண்டோ, டாடா இண்டிகா விஸ்டா எல்லாவற்றிலும் அதன் ஏதோ ஒரு வடிவம்தான். நல்ல எஞ்சின், சந்தேகமில்லை. டாக்ஸிகளில் அது உழைத்த உழைப்பை ஊரே பார்த்திருக்கிறது. ஆனால் அதில் பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது டைமிங் செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றாதவர் கையில் அந்தச் செயின் தேய்ந்து தொங்கும், டர்போவும் கூடவே கெடும். எஞ்சினின் பெயர் நல்லது என்பதற்காக அந்தக் குறிப்பிட்ட வண்டி நல்லதாகிவிடாது. இன்னொன்று, சுமார் 2,000 ஆர்பிஎம் தாண்டும்வரை அது சோம்பேறித்தனமாகத்தான் இழுக்கும். நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்து ஓட்டுகிறவருக்கு அது எரிச்சலைத்தான் கொடுக்கும்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று எஞ்சின்கள் இருக்கும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் என்றால் 1.3 லிட்டராகவும் இருக்கலாம், 2010-க்குப் பிறகு வந்த 1.2 கே சீரிஸாகவும் இருக்கலாம். ஐ10-இல் 1.1 லிட்டர் ஒன்று, 1.2 கப்பா ஒன்று. முதலாவதில் அதே வேலைக்கு டைமிங் பெல்ட், இரண்டாவதில் செயின். "ஐ10 தானே" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு வந்தால் எது என்பது சர்வீஸ் பில் வரும் நாளில்தான் தெரியும்.

பெல்ட் என்றால் பயப்பட வேண்டியதில்லை, கேட்க வேண்டும். சான்ட்ரோ 1.1, பழைய ஃபிகோ 1.4 டீசல், போலோ டீசல் எல்லாம் பெல்ட்தான். அது ரப்பர். ஓடினாலும் வயதாகும், ஓடாமல் நின்றாலும் வயதாகும். எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். "மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது, பில் வேண்டும். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். பிறகு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று யோசிக்காதது

ஷெவர்லே பீட் டீசல் இன்றைக்கும் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. காரணம் இல்லாமலா? ஷெவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. மறைமலைநகரில் ஃபிகோ தயாரித்த ஃபோர்டும் 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இவை ஓட்ட முடியாத வண்டிகள் அல்ல. 2015-க்குப் பிறகு வந்த ஃபிகோ 1.5 டீசலை ஒருமுறை ஓட்டியவர்கள் அதன் இழுவையை மறக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு சென்சார் வேண்டுமென்றால் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்பது ஊருக்கு ஊர் மாறும். வாங்குவதற்கு முன்பு, வழக்கமாகப் போகிற மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இந்த எஞ்சினை நீங்க இதுக்கு முன்னாடி பிரிச்சிருக்கீங்களா?" அவர் தலையைச் சொறிந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

டர்போ பெட்ரோலுக்கும் இதே நியாயம்தான். 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்ட அருமையான வண்டி. எஞ்சின் 1.2 லிட்டர் டர்போ, அதோடு ஒட்டிக்கொண்டு வருவது 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். எஞ்சினை விரும்பி எடுத்தவர்கள் பிறகு அந்த கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மெகட்ரானிக்ஸ் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினை மட்டும் தனியாகப் பார்ப்பது அரைப் பரிசோதனைதான்.

சூடான எஞ்சினைப் பார்த்துவிட்டு வருவது

எனக்குத் தெரிந்து மிக அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். நீங்கள் போவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து, கழுவி, ஏசி போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும். முதல் நாளே போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். போனதும் பானட்டைத் திறந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்போது முகத்தையும் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். காபியில் பால் கலந்த மாதிரி வெளிர் பழுப்பாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வரும். கெட்டியான கறுப்புப் பிசின் என்றால் ஆயில் மாற்றத்தில் கஞ்சத்தனம் நடந்திருக்கிறது. கூலன்ட் டப்பாவில் துருநிறத் தண்ணீர் இருந்தால் கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்க வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நொடி கடகடவென்று உலோகச் சத்தம் கேட்டு அடங்கினால் செயினைச் சந்தேகியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். டீசலில் அழுத்தும்போது கொஞ்சம் கரும்புகை வந்து போவது வேறு, திரையிட்ட மாதிரி வருவது வேறு. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உள்ளிருந்து புகை புஸ் புஸ்ஸென்று வேகமாக அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அதாவது சிலிண்டரைக் கடைந்து சரி செய்யும் போர் வேலை காத்திருக்கிறது. கடைசியாக ஏசியைப் போட்டு, எஞ்சினை அணைக்காமல் கால் மணி நேரம் நிறுத்தி வைத்து வெப்பமானியைப் பாருங்கள். பாதியைத் தாண்டி ஏறினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் ஐட்லிங்கில் கொஞ்சம் உதறும். ஆல்டோ கே10, செலேரியோ, க்விட், டியாகோ, ஜிடி டிஎஸ்ஐ அல்லாத போலோ 1.2 எல்லாம் அப்படித்தான், அதைக் குறை என்று ஒதுக்க வேண்டாம். ஸ்டீயரிங்கோடு பல்லும் சேர்ந்து ஆடினால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் போயிருக்கும்.

குறைந்த ஓட்டத்தில் மயங்குவது

"பத்து வருஷ வண்டி, 28,000 கிலோமீட்டர்தான், டாக்டர் ஓட்டினது." விற்பனைக்கு வருகிற கார்களில் பாதி எப்படி டாக்டர்களுடையதாகவே இருக்கிறது என்பது எனக்குப் புரியாத புதிர். மீட்டரைக் குறைப்பது பெரிய வேலையே இல்லை. சர்வீஸ் வரலாற்றோடும், பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தேய்மானத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் உண்மையாகவே இருந்தாலும், நின்றே கிடந்த எஞ்சினில் ஆயிலும் ஹோஸ்களும் சீல்களும் கெட்டிருக்கும். ஒழுங்காக சர்வீஸ் செய்த 80,000 கிலோமீட்டர் பெட்ரோலைத்தான் நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தையும் கேளுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீருக்குள் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஏர் ஃபில்டர் வழியாக நீர் சிலிண்டருக்குள் போய்விடும். நீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு எஞ்சினையே மாற்றிப் போட்டிருப்பார்கள். அதனால் எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணை ஆர்சியில் உள்ள எண்ணோடு ஒப்பிடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை சில சமயம் கதை சொல்லும்.

டெல்லிப் பதிவு டீசல்கள் மலிவாக வருவதற்குக் காரணம், பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே வந்த தடை. பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் போட்ட உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இங்கே கொண்டுவர என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி எல்லாம் உண்டு. இவற்றைக் கூட்டிய பிறகும் மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சிசி குறைவாக எடுத்துவிட்டு மலையேறுவது

800 சிசி ஆல்டோவில் இரண்டு பேர் ஊருக்குள் போவதற்கு ஒரு குறையும் இல்லை. ஐந்து பேர், பெட்டிகள், ஏசி என்று கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஏசியை அணைத்து முதல் கியரிலேயே போக வேண்டிவரும். குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்களுக்கு 1.2 லிட்டர் பெட்ரோல்தான் என் தேர்வு. 2022 ஜூனில் வந்த விகிதப்படி 1,000 சிசிக்குள் இருந்தால் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசத்துக்காக இழுவையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சிஎன்ஜி வண்டி என்றால் கிட் கம்பெனியிலேயே போட்டதா, வெளியே போட்டதா என்று பாருங்கள். வெளியே போட்டதென்றால் ஆர்சியில் ஏற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கேட்கும்போது தகராறு. சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும், சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பதினைந்து வருடத்தை நெருங்கும் வண்டியில் ஆர்சி புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி தனி. விலை பேசும்போதே இதையும் கழித்துப் பேசுங்கள்.

எல்லாம் பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுக்கும்போது, மெக்கானிக் சோதனையில் எஞ்சினில் குறை தெரிந்தால் பணம் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம். வாங்கிய வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்த நோட்டை நீட்டினால் உங்களிடம் யாரும் அடித்துப் பேரம் பேச மாட்டார்கள்.