கிளினிக்கின் இணையதளத்தை எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது?

புது நாட்டில் வந்து இறங்கி, வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் பெயரைப் பதிவு செய்தாயிற்றா? சரி, அடுத்து அவர்களுடைய இணையதளத்தைத்தான் திறப்பீர்கள். வேலை நேரம், எந்த நாளில் எந்த டாக்டர், அப்பாயிண்ட்மென்ட் எடுப்பது எப்படி என்பதற்கெல்லாம் அதுவே போதும். விடுமுறை நாட்களில் மட்டும் ஒரு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயையும் மருந்தையும் பற்றி அங்கே எழுதியிருப்பதை அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரே எழுதியிருப்பார் என்று நினைக்கிறோம். விளம்பரத்துக்காக வேறு யாரோ எழுதிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். எழுதியவர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லாத பக்கத்தை வைத்து நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன். அந்தப் பக்கம் புகழும் சிகிச்சையை அதே கிளினிக் கட்டணத்துக்குச் செய்கிறதென்றால், பக்க விளைவுகளையும் சொல்லியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

ஆனால் சரியாக எழுதிய பக்கமும், நாடு மாறி வந்த நம்மைக் குழப்பிவிடும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 வந்தால் கவலைப்பட வேண்டும் என்று பழகியவர், பிரிட்டனிலோ கனடாவிலோ அதே இடத்தில் 7 என்று பார்ப்பார். இரண்டும் ஒரே அளவுதான். அங்கே மில்லிமோல் என்ற வேறு அலகில் கணக்கு. 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். இந்த 7ஐ மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே தப்பாகிவிடும். கொலஸ்ட்ராலுக்கு 18 பொருந்தாது, அதற்குச் சுமார் 38.7.

மருந்தின் பெயரில் இன்னும் ஆபத்து. பாரசிட்டமாலுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் அசிட்டமினோஃபென் என்று பெயர். கையோடு கொண்டுவந்த பாரசிட்டமாலைப் போட்டுவிட்டு, இணையதளத்தில் பார்த்த, அசிட்டமினோஃபென் கலந்த சளி மருந்தையும் வாங்கிக் குடித்தால், ஒரே மருந்து இரண்டு மடங்காக உள்ளே போகலாம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. சிலருக்கு அதைவிடக் குறைவுதான். கூடிப்போனால் கல்லீரல் கெடும், அதுவும் முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாமலேயே. பெட்டியில் உள்ள மூலப்பொருளின் பெயரை மருந்துக்கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், பக்கத்தைத் தமிழில் காட்டும் தானியங்கி மொழிபெயர்ப்பு. விஷயம் என்னவென்று புரிந்துகொள்ள உதவும். எத்தனை மில்லி, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதை மட்டும் மூலமொழியிலேயே பாருங்கள். அந்த மொழி தெரியாவிட்டால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பல நாடுகளில் அதற்குக் கட்டணம் இல்லை.

படித்ததைச் சரிபார்க்க, பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் தளம், அமெரிக்காவில் மெட்லைன்பிளஸ், ஆஸ்திரேலியாவில் ஹெல்த்டைரக்ட் இருக்கின்றன. மூன்றுமே அரசுப் பணத்தில் நடப்பவை, எந்தச் சிகிச்சையையும் விற்பவை அல்ல. கிளினிக்கின் பக்கம் இவற்றோடு ஒத்துப்போகவில்லையா? அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போய், "டாக்டர், இது எனக்கும் பொருந்துமா?" என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள்.