வீட்டில் நாக முலாம்: கார்ச் சாமான்களைக் கெடுக்கும் பிழைகள்

மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் வீடு. கறள் நீக்கிப் பளபளவென்று தேய்த்து மேசையில் வைத்த போல்ட், மறுநாள் காலையில் செம்மஞ்சளாகிக் கிடக்கும். பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றைத் திருத்தத் தொடங்கியபோது முலாம் வேலையைப் பழக வேண்டி வந்தது இதனால்தான். நாகம் என்றால் சிங்க். பள்ளிக்கூடத்தில் மின்முலாமிடல் என்று படித்த அதே வேலை: சாமானைக் கரைசல் தொட்டியில் தொங்கவிட்டு, மின்சாரத்தால் அதன் மேல் நாகத்தைப் படியவைப்பது. பெயின்ட் இரும்பை மூடி மட்டும் வைக்கும். நாகமோ கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். பொனட் பூட்டு, கேபிள் கவ்வி, வாஷர், சின்னப் போல்ட் எல்லாவற்றுக்கும் இது நல்ல காப்பு.

மின்சாரம் ஓடும் நேரத்தில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் திருத்தக்கூடியவை. பூச்சுக் கறுத்துப்போனால் கரைத்துவிட்டு மறுபடி போடலாம். போடவே கூடாத சாமானுக்குப் போட்டுவிட்டால் திருத்த வழியில்லை. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

ஸ்பிரிங்குக்கு முலாம் வேண்டாம்

காபரேற்றரில் அக்சிலேற்றரை இழுத்து மூடும் சின்ன ஸ்பிரிங் ஒன்று உண்டு. மற்றச் சாமான்களோடு அதையும் அமிலத்தில் இருபது நிமிடம் போட்டு, கறள் நீக்கி, முலாமும் போட்டுப் பூட்டினேன். பார்க்கப் புதிது போலவே இருந்தது. மூன்றாம் நாள் கல்லடிப் பாலத்தில் போகும்போது முறிந்தது. காலை எடுத்த பிறகும் இஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் என் மகள். கிளச்சை மிதித்து, சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தினேன். அன்று முன்னால் ஒரு சைக்கிள் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

காரணம் இதுதான். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் இரும்பின் மேல் ஐதரசன் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு குமிழியாகப் போகாமல் உலோகத்துக்குள்ளேயே நுழைந்துவிடும். மென்மையான சாதாரண இரும்புக்கு அதனால் பெரிய கேடில்லை. கடினமாக்கிய உருக்கு உள்ளுக்குள்ளே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உடனே முறியாது என்பதுதான் பயங்கரம். இழுவையில் சில மணி நேரமோ சில நாட்களோ நின்றுவிட்டு, எந்த அறிகுறியும் காட்டாமல் துண்டாகும்.

ஆகவே எந்த ஸ்பிரிங், சேர்க்கிளிப் (தண்டில் மாட்டும் வளையக் கிளிப்), ஸ்பிரிங் வாஷர் என்றாலும் தொட்டிக்குள் போடாதீர்கள். தலையில் 10.9, 12.9 என்று உறுதித் தரம் பொறித்த போல்ட்டுகளும் வேண்டாம். பழைய பிரித்தானியக் கார்களில் இலக்கத்துக்குப் பதிலாக எழுத்து பொறித்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எந்தத் தரம் என்று தெரியாவிட்டால் கடினமானது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் போல்ட்டுகளைத் தரம் பார்க்காமலே ஒதுக்கிவிடுங்கள். தொழிற்சாலைகளில் இப்படியான சாமான்களை முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 190 முதல் 220 பாகை செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி ஐதரசனை வெளியேற்றுவார்கள். குசினி அவணில் அதைச் செய்துவிட்டு உயிரை நம்பிக் கொடுக்க நான் தயாரில்லை. ஸ்பிரிங்கைப் புதிதாக வாங்குங்கள். பழையதுதான் வேண்டுமென்றால் வயர் பிரஷ்ஷால் துடைத்து, எண்ணெயோ பெயின்ட்டோ பூசுங்கள்.

கதவுக் கைப்பிடி, பெயர்ப் பட்டை போன்றவை பெரும்பாலும் நாகக் கலப்பு வார்ப்புகள். அமிலம் அவற்றையே தின்றுவிடும். காபரேற்றர் உடல் அலுமினியம், அதுவும் இந்த வேலைக்குச் சரிவராது. 1950கள், 60களில் வந்த போல்ட்டுகளில் காட்மியம் பூசியவையும் உண்டு. வெள்ளிபோல் மங்கலாக, நாகத்தைவிடச் சற்று மெதுமையாகத் தெரியும். அதன் தூசியும் புகையும் நஞ்சு. சந்தேகம் வந்தால் உலர் வயர் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், சூடாக்காதீர்கள், அமிலத்திலும் போடாதீர்கள். அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு போல்ட் தேடுங்கள்.

சுத்தம் என்று நினைப்பது சுத்தமல்ல

முலாம் உரிந்து வந்தால் பலர் தொட்டியைத்தான் குறை சொல்வார்கள். பத்தில் ஒன்பது தடவை குற்றம் எண்ணெயில். பெற்றோலில் கழுவினால் எண்ணெய் போய்விடும் என்பது பிழை. அது மெல்லிய படலத்தை விட்டுவிட்டுத்தான் காயும். பெற்றோலுக்குப் பிறகு சூடான சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் கழுவுங்கள். பிறகு தண்ணீரில் முக்கித் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் முழுவதும் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். எங்காவது விலகித் துளியாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். இந்தப் பரிசோதனைக்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். நம் ஊர் வெக்கையில் விரல் வியர்வையே போதும், முலாத்தின் மேல் கைரேகை அப்படியே பதிந்துவிடும்.

ஹாட்வெயார் கடையில் வாங்கும் ஐதரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து பாவிக்கலாம். தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாறி ஊற்றக் கூடாது. பழைய நாகப் பூச்சு கரையும்போது பலமாக நுரைக்கும். நுரை சட்டென்று அடங்கினால் நாகம் போய்விட்டது என்று அர்த்தம், அந்த நிமிடமே எடுங்கள். இரவு முழுக்க ஊறவிடுவது இரும்பைக் குழி விழச் செய்யும், ஐதரசனையும் உள்ளே ஏற்றும். அமிலத்தைக் கராச்சுக்குள் திறந்து வைத்தால் அதன் ஆவியே சுவரில் தொங்கும் சாவிகளையெல்லாம் கறளாக்கும். வெளியே, காற்றோட்டத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். கழுவிய பாத்திரத்தில் பிளீச்சிங் தூளின் மிச்சம் இருக்கக் கூடாது. அமிலம் பட்டால் குளோரின் வாயு வரும். இன்னொன்று: அமிலத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தொட்டிக்குள் என்ன போகிறது

வீட்டுக்கு எளிய கரைசல் வினாகிரியில் செய்வது. நிறமில்லாத வினாகிரி ஒரு லீற்றருக்குச் சுமார் 100 கிராம் எப்சம் உப்பு, கொஞ்சம் சீனி. தென்னை வினாகிரி வேண்டாம், அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும். நாகத் துண்டுகளை அதில் ஒரு நாளாவது ஊறவிட்டுப் பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். கரைசலில் போதிய நாகம் இல்லாமல் தொடங்கினால் கறுத்த பொடிதான் படியும். ஊறும்போது ஐதரசன் வரும்; மூடியை இறுக்கிப் பூட்டினால் போத்தல் ஊதி வெடிக்கலாம். நெருப்பும் பக்கத்தில் வேண்டாம்.

நாகத்துக்கு எங்கே போவது? வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி உலோகப் பகுதிகள் அரிக்காமலிருக்க வள்ளங்களில் பூட்டும் நாகக் கட்டிகளைக் காணலாம். எனக்கும் ஆசை வந்தது. கடல்நீருக்கென்று செய்யும் அந்தக் கட்டிகளில் அலுமினியமும், பல வகைகளில் சிறிதளவு காட்மியமும் சேர்த்திருப்பார்கள். சில கட்டிகள் முழுக்கவே அலுமினியக் கலப்பு. முலாம் வேலைக்குச் சுத்தமான நாகத் தகடு வாங்குவதே நல்லது. பழைய டோர்ச் பற்றரியை வெட்டி எடுப்பதும் வேண்டாம், உள்ளிருக்கும் கரி எல்லாவற்றையும் அழுக்காக்கும். நாகத் தகட்டுக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியை அனோட்டாக, அதாவது நேர்முனையில், கட்டவே கட்டாதீர்கள். அதிலிருந்து குரோமியம் கரையும், அதன் ஒரு வடிவம் புற்றுநோய் தருவது. வீட்டில் குரோம் முலாம் போட முயல வேண்டாம் என்பதற்கும் அதுதான் காரணம்.

கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். கடைசிக் கழுவலுக்குப் பற்றரித் தண்ணீர் (அமிலமல்ல, காய்ச்சி வடித்த தண்ணீர்) பாவியுங்கள். மாரி காலத்தில் சுத்தமான வாளியில் பிடித்த மழைநீரும் எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

கூடிய அம்பியர், கெட்ட பூச்சு

கார் பற்றரியை நேரே இணைத்து ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது கறுத்த பஞ்சு. விரலால் தடவினாலே உதிரும். வயர்கள் தொட்டுக்கொண்டால் நெருப்பும் பிடிக்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளை ஒன்று வேண்டும்.

கணக்கு கடினமில்லை. முதலில் சாமானின் மேற்பரப்பை அளவிடுங்கள். கால் அங்குலத்தில் ஓர் அங்குல நீளப் போல்ட் ஒன்று ஏறத்தாழ 9 சதுர சென்ரிமீற்றர். பத்துப் போல்ட் 90. வினாகிரித் தொட்டிக்கு 100 சதுர சென்ரிமீற்றருக்கு அரை அம்பியர் என்று நான் வைத்துக்கொள்வேன். அந்த அளவில் 8 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) தடிப்புக்குக் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, நடைமுறையில் அதைவிடக் கூட. தடிப்பைக் கூட்ட ஆசைப்படாதீர்கள். போல்ட்டின் புரியில் 10 மைக்ரோன் ஏறினால், புரியின் பக்கங்கள் சரிவாக இருப்பதால், நட் பொருந்தும் விட்டம் 40 மைக்ரோன் கூடும், நட் ஏறாது.

நாகத் தகட்டை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் அந்தப் பக்கம்தான் மினுங்கும். இரண்டு பக்கமும் வைத்து, சாமானை அடிக்கடி திருப்பிவிடுங்கள். முதலைக் கிளிப் கரைசலில் முக்கக் கூடாது. மெல்லிய செப்புக் கம்பியில் சாமானைக் கட்டித் தொங்கவிட்டு, கிளிப்பை மேலே மாட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்தியதும் தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் செப்பு கரைந்து கரைசல் கெடும்.

பிறகு

தொட்டியிலிருந்து எடுத்த நாகம் அப்படியே நம் கடற்காற்றில் நின்றால் சில நாட்களில் வெள்ளை மாவு பூக்கும். மேலே ஒரு காப்புப் படலம் வேண்டும். மஞ்சள் நிறத்துக்காக விற்கும் பழைய வகைக் குரோமேற்றுக் கரைசல்கள் மேலே சொன்ன அதே நச்சுக் குரோமியம். மூவலுக் குரோமியம் (trivalent) என்று குறித்ததை மட்டும் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நன்றாகக் காயவைத்துத் தெளிந்த லாக்கரோ மெழுகோ பூசுங்கள். காப்புப் படலம் முதல் நாள் மென்மையாக இருக்கும். அன்றே பூட்டினால் ஸ்பனர் உரித்துவிடும்.

தீர்ந்த கரைசலை வாவிக்கரையில் ஊற்றாதீர்கள். மீனுக்கும் இறாலுக்கும் நாகம் நஞ்சு. மணல் நிலம், கிணறுகளும் ஆழமில்லை, அதனால் முற்றத்தில் ஊற்றுவதும் சரியில்லை. சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நுரை அடங்கிய பிறகும் கொஞ்சம் போடுங்கள். வெள்ளைச் சேறாக நாகம் அடியில் இறங்கும். அதைத் துணியில் வடித்துக் காயவைத்து, பழைய பெயின்ட் பேணியில் மூடி, வெளியே பெயர் எழுதி, பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு வருட வேலைக்கு அந்தப் பேணி இன்னும் அரைவாசிகூட நிரம்பவில்லை.